இரண்டாவது முள்

அந்த வார இறுதியில் நான் சேக்காட்டில் அம்மாவோடு இருந்தேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் கணவர் தனியாக இருந்தார். சனிக்கிழமை காலை போன் செய்தபோது அவர் குரலில் ஒரு குதூகலம் தெரிந்தது. எங்கள் தெருவுக்கு வண்டியில் வரும் மீன்காரரிடம் மீன் வாங்கிவிட்டாராம். தானே ஆய்ந்து, தானே குழம்பு வைக்கப் போகிறாராம்.

அவர் ஈரோட்டுக்காரர். ஆடும் கோழியும் சாப்பிட்டு வளர்ந்தவர். மீன் என்பது கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் பழகிக்கொண்டது. நானோ தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலை வேலைக்காக ஆவடிக்கு வந்து, நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தாலும், எங்கள் அடுப்படியில் கடல் மீன் இல்லாத வாரம் கிடையாது. என்ன மீன் என்று கேட்டேன். ஜிலேபி என்று சொன்னாராம் மீன்காரர், ஏரி மீனாம். எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அயனம்பாக்கம் ஏரி தெரியும். அதில் பிடிக்கும் ஜிலேபிதான் அந்தத் தெருவில் வழக்கமாக விற்பது. சரி, பார்த்து ஆய்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

சாயங்காலம் குழம்புச் சட்டியின் படம் ஒன்று அனுப்பினார். கீழே ஒரு வரி: கையில் முள் குத்திவிட்டது, மஞ்சள் வைத்திருக்கிறேன், குழம்பு பிரமாதம். நான் சிரித்துக்கொண்டே அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஒற்றைக் கண்ணால் பார்த்து, எண்ணெய் அதிகம் என்றாள்.

ஞாயிறு விடிந்ததும் போன் வந்தது.

"கை கொஞ்சம் வீங்கியிருக்குது. நீ பயந்துக்காத. சும்மா சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."

அவர் பயந்துக்காத என்று சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவர் பற்கள் கிடுகிடுவென்று ஒன்றோடொன்று மோதுவதுதான் கேட்டது. குளிர் இல்லாத மாதம் அது. படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். வந்த படத்தில் வலது கட்டைவிரலின் அடிச்சதை பந்து மாதிரி திரண்டிருந்தது. அதன் நடுவில், நாவல் பழ நிறத்தில் ஒரு கொப்புளம்.

என் கணவருக்குச் சிறு வயதிலிருந்தே ஹெபடைடிஸ் பி உண்டு. கல்யாணத்துக்கு முன்பே எனக்குச் சொல்லிவிட்டார். மாத்திரை எடுத்துக்கொள்கிறார், வேலைக்குப் போகிறார், பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் கடைசியாக எடுத்த ஸ்கேனில் கல்லீரல் லேசாக இறுகத் தொடங்கியிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். சின்னக் காய்ச்சலையும் அலட்சியம் செய்யக் கூடாது என்பது எங்கள் வீட்டு விதி. அம்மா என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சொட்டு மருந்தைத் தானே விட்டுக்கொள்வதாகச் சொல்லி என்னை வாசலுக்குத் தள்ளினாள்.

பருத்திப்பட்டு, திருவேற்காடு என்று ஆட்டோ போன வழியெல்லாம் அவரோடு போனில் பேசிக்கொண்டே போனேன். முதலில் கேள்விக்குப் பதில் சொன்னார். பிறகு 'ம்' மட்டும் வந்தது. நான் வீட்டுக் கதவைத் திறந்தபோது அவர் சோபாவில் சாய்ந்து, இடது கையால் வலது கையை ஒரு குழந்தையைப் போல மடியில் ஏந்தி வைத்திருந்தார். அதே ஆட்டோவில் ஏற்றி, அம்பத்தூரைத் தாண்டி மேனாம்பேட்டுக்குப் போகும் வழியில் இருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

அவசரப் பிரிவில் இருந்தவர் நடுத்தர வயது டாக்டரம்மா. அதிகம் பேசவில்லை. இரத்த அழுத்தம் பார்த்தார், கல்லீரல் விஷயத்தைக் கேட்டதும் ஒரு கணம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உடனே குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார், ஆன்டிபயாட்டிக் ஒன்றைத் தொடங்கச் சொன்னார். நர்ஸ் ஒரு நீலப் பேனாவால் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அதைச் சுற்றிக் கோடு போட்டாள். கோடு மணிக்கட்டுக்குக் கீழே இருந்தது.

"என்ன மீன்?" என்று டாக்டர் கேட்டார்.

"ஜிலேபி" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "ஏரி மீனுன்னு சொன்னாரு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடல் மீனா, ஏரி மீனா? நல்ல தண்ணி மீன்னா ஒரு கிருமிய நினைச்சு மருந்து குடுப்போம். உப்புத் தண்ணி மீன்னா வேற. அது வேகமாப் பரவும், இவரு மாதிரி லிவர் இருக்கறவங்களுக்கு இன்னும் வேகம். கல்ச்சர் அனுப்பியிருக்கேன், ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது."

ஏரி மீன்தான் என்று அவர் மறுபடி சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எந்த முள் குத்தியது என்று அவரிடம் கேட்டேன். முதுகு முள்ளைக் கத்தரியால் முதலிலேயே வெட்டிவிட்டாராம். வயிற்றைக் கீறுவதற்காக மீனைத் திருப்பிப் பிடித்தபோது, அடிப்பக்கம் வாலுக்கு முன்னால் இருந்த ஒரு முள் ஏறிவிட்டதாம்.

"ஆணி மாதிரி இருந்துச்சு" என்றார். "அத்தன தடிமன்."

அந்த வார்த்தை என்னை உலுக்கியது. ஜிலேபிக்கும் அடியில் முள் உண்டு. ஆனால் ஆணி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இதை எப்படி அவ்வளவு நிச்சயமாக நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். இப்போது நான் ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறேன். அதற்கு முன்னால் சில வருடங்கள் ஓர் ஆய்வுத் திட்டத்தில், ஃபார்மலின் வாடைக்கு நடுவே, ஒரே ஒரு மீன் பேரினத்தோடு வாழ்ந்திருக்கிறேன். அகாந்தோபாக்ரஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் அகாந்தா என்றால் முள். வடசென்னைக் கரையில் மட்டவான் என்பார்கள், வேறு கரைகளில் வேறு பெயர். உயரமான, பக்கவாட்டில் தட்டையான உடம்பு, சாம்பல் வெள்ளி நிறம். முதுகில் பதினோரு முள். அடியில், குதத் துடுப்பில் மூன்று முள். அந்த மூன்றில் முதலாவது சின்னது, மூன்றாவது சுமார், நடுவில் இருக்கும் இரண்டாவதுதான் தடித்து நீண்டு, மற்ற இரண்டையும் சிறுபிள்ளைகளாக்கிவிடும். பேரினத்துக்கு இது ஓர் அடையாளம். மீனைக் கையில் எடுத்ததும் நாங்கள் முதலில் தடவிப் பார்ப்பது அந்த முள்ளைத்தான், அதுவும் கையுறையோடு.

பேரினம் சொல்வது எளிது. அதற்குள் இருக்கும் சிற்றினங்களைப் பிரிப்பதுதான் எங்கள் பாடு. முன்பெல்லாம் கறுத்த மட்டவான்கள் அனைத்தையும் ஒரே பெயரில் அடைத்து வைத்திருந்தார்கள். பிறகு வந்தவர்கள் அதைப் பல சிற்றினங்களாக உடைத்தார்கள். எங்கள் ஜாடிகளில் ஒட்டிய பெயர்களில் பாதி தப்பாகிவிட்டது. துடுப்பு மஞ்சளா கறுப்பா என்று பார்த்தால் போதாது, ஃபார்மலினில் நிறம் போய்விடும். முதுகுத் துடுப்பின் ஐந்தாம் முள்ளின் அடியிலிருந்து, உடம்பின் நீளத்துக்கு ஓடும் பக்கக்கோடு வரைக்கும் செதில் வரிசைகளை ஊசி முனையால் எண்ண வேண்டும். மூன்றரை என்றால் ஒன்று, நாலரை என்றால் இன்னொன்று. அந்த அரை வரிசைக்காகக் கண் பூத்துப்போக உட்கார்ந்திருக்கிறேன். திட்டம் முடிந்தது, வேலை முடிந்தது.

டாக்டரிடம் அரைகுறையாகச் சொன்னேன். சந்தேகமாக இருக்கிறது, வீட்டில் மீதி மீன் இருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று. போங்கள், சீக்கிரம் சொல்லுங்கள் என்றார். கணவரை விட்டுவிட்டுப் போவதற்கு எனக்குக் கால் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது நீலக் கோட்டைத் தாண்டிச் சிவப்பு ஒரு விரல்கடை ஏறியிருந்தது.

பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப்போட்ட சாலை, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக் கூட்டம், தண்ணீர் லாரி. ஆட்டோவில் உட்கார்ந்தபடி எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் மீன்காரரின் எண்ணைத் தேடினேன். இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மீன் வாடை அடித்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் குப்பைக் கூடை அப்படியே இருந்தது. காலையில் குப்பை வண்டி வந்தபோது அதை வெளியே வைக்கும் நிலையில் அவர் இல்லை. செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைத் தரையில் பிரித்தேன். செதில்கள் மொத்தமும் குவியலாகக் கிடந்தன. ஈரத்தோடு ஒட்டி, எந்தச் செதில் எந்த இடத்தில் இருந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். இனி எந்த வரிசையை எண்ணுவது. குடலையும் செவுளையும் ஒதுக்கிவிட்டுத் துடுப்புகளைத் தேடினேன். இரண்டு மீன்களின் துடுப்புகள் கலந்து கிடந்தன. அதில் ஒன்றை விரலால் புரட்டியபோது மூன்று முள் தெரிந்தது. நடுமுள் மற்ற இரண்டையும்விடப் பருமன்.

அதன் நுனி இல்லை. ஒடிந்திருந்தது.

கத்தரியால் வெட்டினால் வெட்டு நேராக இருக்கும். இது பிசிறாக ஒடிந்திருந்தது. அந்த நுனி எங்கே இருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

இருந்தாலும் ஒரு முள்ளை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது. குளிர்பெட்டியில் குழம்பு இருந்தது. மேலே எண்ணெய் உறைந்திருந்தது. தலையில்தான் ருசி என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு தலையை அவர் தொடாமல் எனக்காக எடுத்து வைத்திருந்தார். புளிக்குழம்புக்குள் கையை விட்டு அதை எடுத்தேன். தாடையைப் பிளந்து, சதையை வழித்து, குழாய்த் தண்ணீரில் கழுவினேன். முன்னால் முளைக்குச்சி மாதிரிக் கூரான சில பற்கள். பின்னால், இரண்டு பக்கமும், ஜவ்வரிசியைப் பதித்த மாதிரி உருண்டைக் கடைவாய்ப் பற்கள் வரிசை வரிசையாக. சிப்பியையும் நண்டோட்டையும் நொறுக்கித் தின்பதற்கான பற்கள். ஜிலேபிக்கு இப்படி இருக்காது. அதற்குச் சீப்பு மாதிரி நுணுக்கமான பற்கள்தான். கடைசிக் கடைவாய்ப் பல் மட்டும் பெரிதாக இருக்கிறதா என்று பார்த்தேன், அப்படி இருந்தால் அது பக்கத்துப் பேரினம். இல்லை.

அப்போது போன் அடித்தது. மீன்காரர்.

"இன்னாம்மா, ரெண்டு தபா அட்ச்சிருந்தே. மீனு கெட்டுப்பூட்ச்சா? நேத்து எறங்குன சரக்கும்மா அது."

மீன் கெடவில்லை, முள் குத்தி அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொன்னேன். யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை, எங்கே பிடித்த மீன் என்று மட்டும் தெரிய வேண்டும் என்றேன்.

"ஏரி மீனுதாம்மா. சத்தியமா. நான் பொய் சொல்லல."

"எந்த ஏரி, அண்ணே?"

"பழவேற்காடு ஏரி. ஜிலேபி கூட ரெண்டு மட்டவான் கலந்து வந்துகினு கீது. சாருதான் அது ரெண்டும் பெர்சா கீதுன்னு எட்த்துகினாரு. அது வேற மீனுன்னு நானும் சொல்லல, அவுரும் கேக்கல."

எல்லோரும் ஏரி என்று சொல்லும் அந்தப் பழவேற்காட்டில் கடல் முகத்துவாரம் வழியாக உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும். ஆய்வுக் காலத்தில் எங்கள் ஜாடிகளுக்குப் பாதி மீன் வந்ததே அங்கிருந்துதான். கடலும் ஆறும் கலக்கும் இடம் மட்டவானுக்குச் சொந்த வீடு. என் கணவர் ஏரி என்றதும் எங்கள் மாடியிலிருந்து தெரியும் ஏரியை நினைத்தார். மீன்காரர் தன் ஏரியை நினைத்தார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

மருத்துவமனைக்கு அழைத்தேன். டாக்டர் போனுக்கு வர நேரமானது. அந்த நேரத்தில் துடுப்பையும் தாடையையும் ஒரு டப்பாவில் போட்டு மூடிக்கொண்டு படியிறங்கினேன். அவர் வந்ததும், அது ஜிலேபி இல்லை, மட்டவான் என்றேன்.

"நிச்சயமா சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"செதில் எல்லாம் போயிடுச்சு டாக்டர், சிற்றினம் எதுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா பேரினம் நிச்சயம். இந்தப் பேரினத்துல—"

"அந்தப் பேரெல்லாம் எனக்கு வேணாம்மா. உப்புத் தண்ணியா?"

"உப்புத் தண்ணி. முள்ளு நுனி ஒடிஞ்சிருக்கு. கைக்குள்ள இருக்கலாம்."

"அத எடுத்துட்டு வாங்க. இன்னொரு மருந்து இப்பவே சேக்கறேன். சர்ஜனக் கூப்பிடறேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது நர்ஸ் இரண்டாவது கோடு போட்டிருந்தாள். சிவப்பு அதையும் தொட்டுக்கொண்டிருந்தது. கொப்புளம் இரண்டாகியிருந்தது. கல்லூரி மாணவர் போலத் தெரிந்த சர்ஜன் டப்பாவைத் திறந்து முள்ளைப் பார்த்தார், எக்ஸ்ரேயைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். உள்ளே எதுவரை அழுகியிருக்கிறது என்பது திறந்தால்தான் தெரியும் என்றார். கையைக் காப்பாற்றத்தான் பார்ப்போம், ஆனால் தேவைப்பட்டால் முழங்கை வரைக்கும் எடுக்க அனுமதி வேண்டும் என்றார். குரலில் தயக்கமும் இல்லை, கடுமையும் இல்லை. நான் கையெழுத்துப் போட்டேன். என் விரல்களில் புளியும் மீனும் வீசியது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

உள்ளே தள்ளிக்கொண்டு போகுமுன் அவர் கண்ணைத் திறந்தார்.

"என்ற கையி போயிருமா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியலங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பொய் சொல்லாததற்கு நன்றி சொல்வது போல எனக்குப் பட்டது. ஒருவேளை அது வெறும் நடுக்கமாகவும் இருந்திருக்கலாம்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு யாரோ தடுமாறி வருவதைப் பார்த்தேன். அம்மா. கண்ணில் தண்ணீர் படக் கூடாது, வெளியே போகக் கூடாது என்று எத்தனையோ சொல்லியிருந்தார்கள். ஆவடியிலிருந்து பஸ் ஏறி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். ஏன் வந்தாய் என்று கோபமாகக் கேட்டேன். அவள் பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து நீட்டி, முகத்தை மேலே தூக்கினாள். நான் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வந்து அவளுக்கு மருந்து விட்டேன்.

முழங்கை வரைக்கும் போகவில்லை. கட்டைவிரலின் அடிச்சதையில் பெரும்பகுதியையும், மணிக்கட்டு வரைக்கும் தோலையும் எடுத்துவிட்டார்கள். முள் நுனி எலும்பை ஒட்டிக் கிடந்ததாம். சர்ஜன் ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் காட்டினார். ஆனால் அதோடு முடியவில்லை. அன்று மாலை இரத்த அழுத்தம் சரிந்து தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காயத்தைத் திறந்து இன்னொரு முறை சுத்தம் செய்தார்கள். இரண்டாவது நீலக் கோடு அதே இடத்தில் இருந்தது. அதற்கு மேல் சிவப்பு ஏறவில்லை என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் நான் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினேன்.

கல்ச்சர் ரிசல்ட் வந்தபோது, உப்பு நீரில் வாழும் கிருமிதான் என்று இருந்தது. டாக்டரிடம் கேட்டேன், நான் மீனைக் கண்டுபிடித்துச் சொன்னதால்தான் பிழைத்தாரா என்று. எனக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது.

"முதல்லயே குடுத்த மருந்தும் ஓரளவு கேட்டிருக்கும். நீங்க சொன்னதால ரெண்டாவது மருந்து சீக்கிரம் போச்சு, சர்ஜன் சீக்கிரம் வந்தாரு. அது எவ்வளவு தூரம் உதவுச்சுன்னு கேட்டா, எனக்குத் தெரியாதும்மா."

அந்த நேர்மை அன்று எனக்குக் கசந்தது. இப்போது கசக்கவில்லை.

சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு, ஒரு மத்தியான வேளையில், மீனைப் பற்றிச் சொல்லு என்று அவரே கேட்டார். பல்லைப் பற்றிச் சொன்னேன், செதில் வரிசையைச் சொன்னேன். பிறகு, இந்த மீன்கள் பெரும்பாலும் முதலில் ஆணாகத்தான் இருக்கும், வளர்ந்து பெரிதான பிறகு பல பெண்ணாக மாறிவிடும் என்றேன். பெரிது என்று நீங்கள் பார்த்து எடுத்ததால் உங்களைக் குத்தியது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். உதடு கோணி, தோள் குலுங்கி, சத்தம் வராமல் சிரித்தார். சிரித்ததில் கட்டு இழுத்து வலி பிடித்துக்கொண்டது. நர்ஸைக் கூப்பிட எழுந்தேன். வேண்டாம் என்று இடது கையால் என் புடவையைப் பிடித்து உட்காரவைத்தார்.

தொடையிலிருந்து தோல் எடுத்து உள்ளங்கையில் ஒட்டினார்கள். இப்போதும் அவர் கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொடாது. கம்ப்யூட்டர் மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டார், சட்டைப் பொத்தான் போட மட்டும் என்னைக் கூப்பிடுவார். மீன்காரர் எங்கள் தெருவுக்கு இன்னும் வருகிறார். என்னைப் பார்த்தால், கேட்காமலே, எந்த மீன் எந்தத் தண்ணீரில் பிடித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். ஆய்ந்து தரவும் செய்கிறார்.